நானும் என் மோட்டார் சைக்கிளும்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் புறப்படுகிறவனுக்கு எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஆலோசனைக்குப் பஞ்சம் வராது. பெண் பார்க்கப் போகிறவனுக்குக்கூட இத்தனை பேர் துணைக்கு வரமாட்டார்கள். "எஞ்சினைக் காதால் கேள்" என்றார் ஒரு நண்பர். "காதை நம்பினால் மோசம் போவாய், புகையைக் கண்ணால் பார்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தம் வாழ்நாளில் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்திருந்ததில்லை. அவர்தாம் அதிக நேரம் பேசினார். எஞ்சின், டயர், பிரேக், பத்திரம் என்று வண்டியின் தலை முதல் கால் வரை எல்லாவற்றையும் அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வண்டியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்ஆர் 310 என்பது அதன் திருநாமம். இந்த ரக வண்டி முதன்முதலில் வெளிவந்தது 2017 டிசம்பரில். என்னிடம் இருப்பது 2018-இல் பதிவானது. 312 கன சென்டிமீட்டர் எஞ்சின், ஆறு கியர், ஏறக்குறைய 170 கிலோ எடை. பிறந்த ஊர் ஓசூர். டி.வி.எஸ். நிறுவனமும் ஜெர்மன் தேசத்து பி.எம்.டபிள்யூ.வும் 2013-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியாகப் பிறந்த எஞ்சின் என்பதால், எங்கள் சந்துப் பையன்கள் அதற்குப் 'பாதி வெள்ளைக்காரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வண்டியை விற்றவர் செம்பூரில் இருந்த ஓர் இளைஞர். வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குப் போகிறவர். விலை 1,20,000 ரூபாய். நான் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்தது 70,000. மீதி 50,000 அம்மாவின் சீட்டுப் பணம்.

அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறாள். விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் வீட்டில் கிரைண்டர் சுற்ற ஆரம்பிக்கும். நான் பத்தாம் வகுப்பு முதல் எம்.எஸ்ஸி. வரை படித்ததெல்லாம் அந்தச் சத்தத்தில்தான். சீட்டு எடுத்த அன்று இரவு, பணத்தை ஒரு மஞ்சள் பையில் சுற்றி என் புத்தகங்களின் மேல் வைத்துவிட்டு, "படிக்கப் போறதுக்குத்தானே கேக்குதே, வாங்கிக்கோ" என்றாள். அவ்வளவுதான். பத்திரமாகப் போ, வேகமாகப் போகாதே என்கிற வழக்கமான உபதேசம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

ஆச்சிக்குத்தான் சந்தேகம். "வண்டிக்கு என்னலே பேரு?" என்று கேட்டாள். "அப்பாச்சி" என்றேன். "அப்பனைப் பெத்த ஆச்சி இங்கேதாம்லே இருக்கேன், இன்னொருத்தி எதுக்கு?" என்றாள். அதோடு விடவில்லை. "ஒருத்தர் வச்சிருந்த சாமானை வாங்கினா அவுக குணமும் கூட வரும். கொஞ்ச நாள் பாத்துப் பழகு" என்றாள். நான் சிரித்தேன். விஞ்ஞானம் படிக்கிற மாணவன் அல்லவா, சிரிக்காமல் என்ன செய்வேன்?

எங்கள் பேட்டையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். டிராம்பே என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு அணுசக்தி ஆராய்ச்சி நிலையம்தான் ஞாபகம் வரும். 1954-இல் தொடங்கிய அந்த நிலையத்துக்கு 1967-இல் பாபாவின் பெயர் சூட்டினார்கள். ஆனால் எனக்கு டிராம்பே என்றால் சீத்தா கேம்ப். ஜனதா காலனி என்ற இடத்தில் வாழ்ந்த எங்கள் குடும்பம், 1976-இல் அந்தக் காலனி முழுவதும் அகற்றப்பட்டபோது, மற்றவர்களோடு சேர்ந்து இங்கே வந்து விழுந்தது. கோலார் தங்கவயலில் பிறந்து இங்கே வந்து, அந்தக் காலனி மக்களுக்காகப் போராடிய ஜாக்கின் அற்புதம் பின்னாளில் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவர் பெயரைச் சொன்னால் ஆச்சி இப்போதும் நிமிர்ந்து உட்காருவாள். "சேறும் சகதியுமா இருந்திச்சு. மண்ணைக் கொட்டிக் கொட்டித்தான் வீடாக்கினோம்" என்பாள். யாருடையதாகவோ இருந்ததை நம்முடையதாக்கிக் கொள்ளும் வித்தை எங்கள் பேட்டைக்குப் புதிதல்ல. எனக்குத்தான் புதிது.

வண்டியைக் காகிதத்தில் என்னுடையதாக்குவது அவ்வளவு கஷ்டமில்லை. விற்பவர் கையெழுத்திட வேண்டிய படிவம் 29, இருவரும் சேர்ந்து இட வேண்டிய படிவம் 30, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், முகவரிச் சான்று. முன்பு கடனில் வாங்கிய வண்டியானால் படிவம் 35-ம் வங்கியின் தடையின்மைச் சான்றும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறந்தால், பாலிசி ஒருவர் பெயரிலும் வண்டி இன்னொருவர் பெயரிலும் நிற்கும். சொந்த வண்டிக்குச் சேதம் வரும் அன்றைக்குத்தான் அந்த வித்தியாசத்தின் அருமை தெரியும்.

உடம்பால் என்னுடையதாக்குவது வேறு விஷயம். முதல் வாரம் இந்த வண்டி என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கைப்பிடிகள் தாழ்ந்திருக்கும், கால் வைக்கும் இடம் பின்தள்ளி இருக்கும், பெரியவர் காலில் விழுந்து பாதியில் நின்றுவிட்டவன் மாதிரி குனிந்துகொண்டு போக வேண்டும். கலினா வளாகத்துக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு மணிக்கட்டும் வீங்கிவிட்டன போல வலிக்கும். வகுப்பில் பேனா பிடிக்க முடியாது. உடம்பின் பாரத்தைக் கையில் போடக் கூடாது, முழங்கால்களால் பெட்ரோல் டாங்கியை அணைத்துப் பிடித்துக்கொண்டு வயிற்றாலும் முதுகாலும் தாங்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. வண்டியைத் திருப்புவது அடுத்த சோதனை. கைப்பிடி அதிகம் ஒடியாது. எங்கள் சந்து முனையில் ஒரு ஸ்கூட்டர் ஒரே வீச்சில் திரும்பும் இடத்தில், நான் மூன்று முறை முன்னும் பின்னும் போய்த் திருப்புவேன். சந்துப் பையன்கள் உரக்க எண்ணுவார்கள்.

வேகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அதுதான் வேடிக்கை. இந்த எஞ்சினுக்குள் 34 குதிரைகள் இருக்கின்றன என்று புத்தகம் சொல்கிறது. அத்தனையும் வெளியே வர நிமிஷத்துக்கு 9,700 முறை அது சுழல வேண்டும். சயான்-டிராம்பே சாலையில் ஒரு பெஸ்ட் பஸ்ஸுக்கும் ஓர் ஆட்டோவுக்கும் நடுவில் நின்றுகொண்டு அதை எங்கே சுழற்றுவது? விரைந்து போவதற்கென்றே இந்த நகரத்தில் கட்டிய சாலைகள் உண்டு. 2009-இல் திறந்த பாந்திரா-வொர்லி கடல் பாலம், 2013-இல் திறந்த கிழக்குப் பெருவழி, 2024-இல் திறந்த அடல் சேது. மூன்றின் வாசலிலும் இருசக்கர வண்டிக்கு இடமில்லை என்று பலகை நிற்கிறது. 2014-இல் திறந்த சாந்தாகுரூஸ்-செம்பூர் இணைப்புச் சாலைதான் என்னைப் போன்றவர்களை ஏற்றுக்கொண்டது. அதிலும் நாலாவது கியரைக் கண்டால் அன்று திருநாள். பந்தயக் குதிரையை வாங்கித் தண்ணீர் வண்டியில் பூட்டியவன் நிலைமைதான் என் நிலைமை. மெள்ளப் போனால் வண்டிக்குச் சூடேறும். சூடேறினால் விசிறி சுற்றும். அந்த அனல் நேராக என் முழங்காலுக்கு வரும். ஏப்ரல் மாதத்து மும்பையில் இது கூடுதல் வரப்பிரசாதம்.

மே மாதக் கடைசியில், எங்கள் பேட்டை மெக்கானிக் அண்ணாச்சியிடம் வண்டியைக் கொண்டு போனேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தார். செயினை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, "ரொம்பத் தொங்குது" என்றார். பிரேக் எண்ணெயின் நிறத்தைப் பார்த்து, "காப்பி மாதிரி இருக்கு, மாத்தணும்" என்றார். பிறகு முன் டயரின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருந்த நாலு எண்களைத் துடைத்துக் காட்டினார்: 0918.

"இது என்ன அண்ணாச்சி?"

"பிறந்த நாள், தம்பி. 2018-ஆம் வருஷத்து ஒன்பதாவது வாரம். கட்டையெல்லாம் பாக்க நல்லாத்தான் இருக்கு. ரப்பர் செத்துப் போச்சு."

நகத்தால் அழுத்திப் பார்த்தேன். மரத்தை அழுத்தியது போல இருந்தது. "மழை வரட்டுமே, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்றேன். அண்ணாச்சி சாலையைக் காட்டினார். மாகுல் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் 1950-களிலிருந்து இருப்பவை. அங்கிருந்து டாங்கர் லாரிகள் இராப்பகலாகப் போய்க்கொண்டே இருக்கும். "வருஷம் பூரா இந்த வண்டிகள் சொட்டுற எண்ணெயும், புழுதியும், டயர்ப் பொடியும் ரோட்டுல படிஞ்சு கிடக்கும். முதல் மழை அதைக் கழுவாது தம்பி, குழைச்சு விடும். முதல் நாள் விழுறவன்தான் அதிகம். பெரிய மழை பெய்ஞ்சு கழுவினப்புறம் பயம் கொறச்சல்" என்றார். டயரை அன்றே மாற்றினேன். ஜூனில் முதல் தூறல் விழுந்த மாலை, செம்பூர் நாக்கா அருகில் என் கண் முன்னாலேயே இரண்டு ஸ்கூட்டர்கள் சறுக்கின. நான் தப்பினேன். மெக்கானிக் சொன்ன பேச்சைக் கேட்டவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் அன்று அண்ணாச்சி சொன்னதில் ஒன்றை நான் கேட்கவில்லை. வண்டியின் இடப்பக்கம், பின்சக்கரத்தை ஒட்டி, வெறுமையாக இருந்த இரண்டு திருகுத் துளைகளில் விரலை வைத்து, "இங்கே சாரி கார்டு இருந்திருக்கணுமே?" என்றார்.

விற்ற இளைஞர் அதைக் கழற்றி வீசியிருந்தார். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களில் பலர் முதலில் செய்கிற காரியம் அதுதான். அந்தக் கம்பிக் கூடு இருந்தால் வண்டியின் பின்னழகு கெட்டுவிடுமாம். எனக்கும் அதே அபிப்பிராயந்தான். "அது வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

"பின்னால யாரு உக்காருவா?"

"யாரும் இல்லை."

அவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்பானரைத் துடைத்தார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. செடா நகரில் படியேறிப் போய்த் தரிசிக்கும் முருகன் கோயிலைச் செம்பூர்த் தமிழர்கள் அறிவார்கள். வருஷந்தோறும் அம்மா பஸ்ஸில்தான் போவாள். அன்று நானே, "வண்டியில் கொண்டு போய் விடுகிறேன்" என்றேன். அம்மா ஒரு நிமிஷம் வண்டியைப் பார்த்தாள். பின் இருக்கையின் உயரத்தைப் பார்த்தாள். "குதிரை மேல ஏத்துற மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, திண்ணையில் ஒரு கால் வைத்து ஏறி, ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். தலையில் மல்லிகைப்பூ, அதன் மேல் நண்பனிடம் இரவல் வாங்கிய ஹெல்மெட். ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சந்தே வாசலில் நின்று எங்களை வழியனுப்பியது. அம்மாவின் கை என் தோளில் இருந்தது. மாவு அரைத்து அரைத்துக் காய்த்துப்போன கை. சட்டைக்கு மேலேகூடத் தெரிந்தது.

காட்கோபர்-மான்கூர்டு இணைப்புச் சாலையில் மெள்ளத்தான் போனேன். மூன்றாவது கியர். மழை விட்டிருந்தது. பக்கத்தில் வந்த ஓர் ஆட்டோக்காரர் திடீரென்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ கத்தினார். வழி விடவில்லை என்று திட்டுகிறார் என்று எண்ணினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் வலக்கை முறுக்கப் போயிற்று. 34 குதிரைகளையும் அவருக்குக் காட்டிவிடுவது என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் அவர் சொன்ன வார்த்தை காதில் விழுந்தது: "ஸாடி! ஸாடி!"

நின்றேன். அம்மாவின் கை என் தோளில் இல்லை; அவள் இரண்டு கைகளாலும் தன் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். முந்தானை செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே போய், ஒரு முழம் கறுத்துக் கிழிந்து மாட்டிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தால், சேலையோடு ஆளையும் இழுத்திருக்கும். திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு டாங்கர் லாரி நின்று உறுமிக்கொண்டிருந்தது.

ஆட்டோக்காரர் இறங்கி வந்து, பின்சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றிச் சேலையை விடுவித்தார். தன் கைத்துண்டை அம்மாவிடம் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். என் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அம்மா கிழிந்த முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இதுக்கு முன்னாடி இந்த வண்டியில பின்னால யாருமே உக்காந்ததில்லியாலே?"

அவள் பழைய சொந்தக்காரரைப் பற்றித்தான் கேட்டாள். ஆனால் அண்ணாச்சிக்கு நான் சொன்ன பதில் எனக்கு ஞாபகம் வந்தது. "யாரும் இல்லை." வண்டியின் விலையில் பாதிக்குக் கொஞ்சந்தான் குறைவாகக் கொடுத்தவளை, அந்த வண்டியில் உட்காரக்கூடிய ஆளாக நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. பழைய சொந்தக்காரரின் குணமும் கூட வரும் என்று ஆச்சி சொன்னபோது சிரித்தேனே, அது வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வெளியிலிருந்து வந்ததென்றும் சொல்ல முடியாது. எனக்குள் முன்பே இருந்த குணத்துக்கு அது துணையாக வந்து சேர்ந்தது.

கோயிலுக்கு அம்மா ஆட்டோவில் போனாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நடந்தேன்.

அன்றிரவு சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி. பின்னால் ஒருவர் அமர வசதியுள்ள மோட்டார் சைக்கிளுக்கு மூன்று பொருள்கள் இருந்தே ஆக வேண்டும்: பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்கப் படி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு. எதற்காகக் காப்பு? பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருப்பதற்காக. அந்த விதியை எழுதியவர் மனக்கண்ணில் ஒரு சேலை, ஒரு வேட்டி, ஒரு துப்பட்டா இருந்திருக்கிறது. பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அவர் மறக்கவில்லை. நான் பின்னழகை மட்டும் பார்த்தேன்.

மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. நம் வளாகத்தை ஒட்டிப் போகும் சி.எஸ்.டி. சாலையில், குர்லாப் பக்கம், பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் கடைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, ஏழாவது கடையில் என் வண்டிக்குரிய சாரி கார்டு கிடைத்தது. ஒரு ஓரத்தில் சிராய்ப்பு இருந்தது; பாதகமில்லை. அண்ணாச்சி அதை வாங்கிப் பார்த்து, இரண்டு துளைகளிலும் திருகைப் பொருத்தி முறுக்கினார். "அன்னிக்கே சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. கூலியும் வாங்கவில்லை. நான் வற்புறுத்தியபோது, "அம்மாவைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அம்மா உடனே வந்துவிடவில்லை. இரண்டு மாதம் பஸ்ஸிலேயே போனாள். நானும் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அந்த இரண்டு மாதத்தில்தான் நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். பின்னால் ஒருவர் இருப்பதாக எண்ணிக்கொண்டு, வேகத்தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்தேன். பிரேக்கை மெள்ளப் பிடித்தேன். திருப்பத்தில் சாய்வதைக் குறைத்தேன். மணிக்கட்டு வலி என்றைக்கு நின்றது என்பது எனக்கே தெரியாது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. வாழை இலையும் கறிவேப்பிலையும் வாங்க மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் என்று அம்மா பையை எடுத்தாள். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து குனிந்து, அந்தக் கம்பிக் கூட்டைக் கையால் பிடித்து இரண்டு முறை பலமாக ஆட்டிப் பார்த்தாள். சந்தையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பாளே, அதே மாதிரி. அசையவில்லை. பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். திண்ணையில் கால் வைத்து ஏறினாள்.

"மெள்ளப் போ" என்றாள். வண்டி வாங்கிய நாள் முதல் அவள் சொல்லாதிருந்த அந்த உபதேசத்தை அன்றுதான் சொன்னாள். நான் சண்டை போடவில்லை.

நண்பர்களே! உங்களில் யாராவது பழைய பைக் வாங்கப் போகிறீர்களானால், எஞ்சினைக் கேளுங்கள், புகையைப் பாருங்கள், டயரின் பிறந்த நாளை விசாரியுங்கள், படிவங்களில் கையெழுத்து வாங்குங்கள். அதெல்லாம் ஆன பிறகு, இடப்பக்கம் குனிந்து, முந்தியவர் எதைக் கழற்றிப் போட்டிருக்கிறார் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். "பின்னால் யார் உட்காருவார்கள்?" என்று மெக்கானிக் கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.